ரிச்சர்ட் டெம்பிள்: ஒரே அதிகாரி, இரண்டு பஞ்சங்கள்

1873-74-இல் பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது, பட்டினியால் இறந்தவர்கள் என்று அரசுக் கணக்கில் ஏறியவர்கள் 23 பேர். மூன்றே ஆண்டுகளில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் மழை பொய்த்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேலானோர் மாண்டார்கள். பீகாரில் நிவாரணத்தை முன்னின்று நடத்தியவரும், தெற்கே நிவாரணச் செலவைச் சுருக்க அனுப்பப்பட்டவரும் ஒருவரேதான்: சர் ரிச்சர்ட் டெம்பிள்.

இரண்டாவது பஞ்சத்தைத் தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். அதைப் பற்றிப் பேசும்போது டெம்பிளின் பெயர் ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியத்தோடு வந்து, அத்தோடு போய்விடுகிறது. இரக்கமில்லாத வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஏழைகளின் கூலியைக் குறைத்தார் என்று கதை முடிந்துவிடும். அது பொய்யில்லை. ஆனால் பஞ்சத்தில் மனிதர்களைச் சாகாமல் காப்பது எப்படி என்று அந்தக் காலத்து இந்தியாவில் யாருக்காவது நன்றாகத் தெரிந்திருந்தது என்றால், அது இவருக்குத்தான். அதனால்தான் இவருடைய பணி வாழ்க்கையை முழுதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எழுதத் தெரிந்த இளைஞர்

டெம்பிள் 1826 மார்ச் 8 அன்று இங்கிலாந்தில் வொர்ஸ்டர்ஷையரில் கெம்ப்ஸி என்ற ஊரில் பிறந்தார். நிலமுள்ள குடும்பம். ரக்பி பள்ளியில் படித்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிவில் அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் சேர்ந்து, 1846-இல் வங்காள சிவில் சர்வீசுக்கு வந்தார்.

அவரை உருவாக்கியது பஞ்சாப். 1849-இல் கம்பெனி இணைத்துக்கொண்ட அந்த நாட்டை ஜான் லாரன்ஸ் ஆண்டபோது, டெம்பிள் அவருக்குச் செயலாளராக இருந்தார். மேலதிகாரியின் எண்ணத்தைப் பிடித்து, அதைத் தெளிவான, அழகான அறிக்கையாக மாற்றித் தருவதில் அவருக்கு இணை இல்லை. இந்தத் திறமையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாவற்றிலும் மேலே இருப்பவர் என்ன விரும்புகிறார் என்று அறிந்து, அதை எதிர்பார்த்ததைவிட முழுமையாகச் செய்து முடிக்கும் இயல்பைப் பார்க்கலாம்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியாவின் கஜானா காலியாகியிருந்தது. அதைச் சீர்செய்ய லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சனை அனுப்பினார்கள். வருமான வரியை 1860-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். அவருக்கு உதவியாக இருந்தவர் டெம்பிள். அதே ஆண்டு ஆகஸ்டில் வில்சன் கல்கத்தாவில் இறந்துபோனார். கணக்கும் நிதியும் டெம்பிளுக்குப் பழக்கமானது இந்தக் காலத்தில்தான்.

1862-இல் புதிதாக அமைந்த மத்திய மாகாணத்துக்குத் தலைமை ஆணையரானார். நாக்பூரைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு, குதிரைமேல் அந்தப் பெரும் நிலப்பரப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். போகிற இடமெல்லாம் நீர்வண்ண ஓவியம் தீட்டுவார். கோண்டு முதலிய பழங்குடிகளைப் பற்றி ஆராய்ந்து வந்த ஸ்டீபன் ஹிஸ்லப் என்ற பாதிரியார் 1863-இல் ஆற்றைக் கடக்கையில் மூழ்கி இறந்தார். அவர் விட்டுப்போன குறிப்புகளைத் தொகுத்து 1866-இல் அச்சேற்றியது டெம்பிள்தான். வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்தத் தாள்கள் அழிந்திருக்கலாம். மனிதர் சோம்பேறியும் இல்லை, நாட்டை அறியாதவரும் இல்லை.

அடுத்து ஹைதராபாத் நிஜாம் அரசில் பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்ட் பதவி, சில காலம் வெளியுறவுச் செயலாளர், 1868 முதல் வைஸ்ராய் கவுன்சிலில் நிதி உறுப்பினர் என்று ஏறிக்கொண்டே போனார்.

ஒரிசாவின் பாடம்

பீகாரில் நடந்ததைப் புரிந்துகொள்ள 1866-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஒரிசாவில் பஞ்சம் வந்தது. வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் செசில் பீடன், வியாபாரிகள் அரிசி கொண்டுவருவார்கள், அரசு தலையிட வேண்டியதில்லை என்று இருந்துவிட்டார். நிலைமை கைமீறியது தெரிந்து அரிசி வாங்க முற்பட்டபோது பருவக்காற்று தொடங்கிவிட்டது. கரையில் கப்பல் அணைய வழியில்லை, தரைவழியும் அடைபட்டிருந்தது. சுமார் பத்து லட்சம் பேர், அந்தப் பகுதி மக்களில் மூன்றில் ஒரு பங்கினர், இறந்தார்கள். அப்போது லண்டனில் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராகப் பொறுப்பேற்றிருந்தவர், பிற்காலத்தில் சாலிஸ்பரி பிரபு என்று அறியப்பட்டவர். தகவல் வந்தும் இரண்டு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக அவர் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார்.

எனவே 1873-இல் பருவமழை சீக்கிரமே நின்று, பீகாரிலும் வடக்கு வங்காளத்திலும் நெல் பொய்த்தபோது, இன்னொரு ஒரிசா நடக்கக்கூடாது என்பதில் வைஸ்ராய் நார்த்புரூக் உறுதியாக இருந்தார். வங்காளத்தை ஆண்ட ஜார்ஜ் கேம்பெல் அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்யக் கேட்டார். சுதந்திர வணிகக் கொள்கையை விட்டுக்கொடுக்க நார்த்புரூக் இணங்கவில்லை. ஆனால் அரசே பர்மாவிலிருந்து அரிசி வாங்கலாம் என்றார். அந்த அரிசியை ஊர் ஊராகச் சேர்க்கும் பொறுப்பு 1874 தொடக்கத்தில் டெம்பிளிடம் வந்தது. கேம்பெல் உடல்நலம் குன்றி விலகியதும் டெம்பிளே வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னரானார்.

பீகார், 1874

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கே நடந்தது அபூர்வமான நிர்வாகச் சாதனை.

ரங்கூனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பல், அங்கிருந்து கங்கையின் தென்கரை வரை ரயில், பிறகு படகு. பசி இருந்ததோ ஆற்றுக்கு வடக்கே, திர்ஹூத் பக்கம். அங்கே அப்போது ரயிலே கிடையாது. அதனால் கங்கைக் கரையிலிருந்து தர்பங்கா வரைக்கும் அவசர அவசரமாகத் தண்டவாளம் போட்டார்கள். வடக்கு பீகாரின் முதல் ரயில் பாதை அந்த 1874 வசந்த காலத்தில் அரிசி மூட்டைக்காக வந்ததுதான். ரயில் போகாத இடத்துக்கு மாட்டுவண்டிகள் வரிசை கட்டிப் போயின. மொத்தம் நாலரை லட்சம் டன்னுக்கும் மேல் அரிசி வந்து இறங்கியது.

அரிசி வந்தால் மட்டும் போதாது, வாங்கக் கையில் காசு வேண்டும். டெம்பிளின் ஏற்பாடு அங்கேதான் சரியாக இருந்தது. மாவட்டங்களைச் சிறு வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரைப் போட்டு, கிராமத்துக்குள் போய்ப் பார்க்கச் சொன்னார். உழைக்க முடிந்தவர்களுக்கு வேலை, முடியாதவர்களுக்கு இலவச தானியம், விவசாயிகளுக்குக் கடன். உண்மையிலேயே பசியா என்று சோதிக்கக் கடுமையான வேலையை முன்னால் வைக்கும் வழக்கத்தை அவர் வலியுறுத்தவில்லை. நலிந்து விழுவதற்கு முன்பே உதவி போய்ச் சேர்ந்தது. பஞ்ச நிவாரணத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த முந்திக்கொள்ளல்தான். உடல் ஒரு எல்லையைத் தாண்டிச் சுருங்கிவிட்டால் பிறகு கொடுக்கும் சோறு தங்காது.

1874-இல் மழை திரும்பியது. கைவசம் சுமார் ஒரு லட்சம் டன் அரிசி மீந்திருந்தது, அதை நட்டத்துக்கு விற்றார்கள். செலவு அறுபது லட்சம் பவுனைத் தாண்டியது.

இனி வந்தது பாராட்டு இல்லை. சாவு இல்லாததால் பஞ்சமே இல்லை என்று வாதிட்டார்கள். இவ்வளவு பேருக்கு இவ்வளவு சுலபமாகச் சோறு போட்டால், உயிரோடு வைத்திருப்பது அரசின் கடமை என்று இந்தியர்கள் எண்ணிவிடுவார்கள் என்று லண்டனில் 'எகனாமிஸ்ட்' போன்ற பத்திரிகைகள் கண்டித்தன. டெம்பிள் என்றால் ஊதாரி என்று ஆகிவிட்டது. 1876-இல் பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டம் கிடைத்தாலும் அந்தப் பெயர் போகவில்லை. நிதித்துறையில் வளர்ந்த ஒருவருக்கு, இன்னும் உயர்ந்த கவர்னர் பதவியை எதிர்நோக்கியிருந்தவருக்கு, இதைவிடக் கேடான பெயர் இருக்க முடியாது.

தெற்கே, 1877

1876-இல் தென்மேற்குப் பருவமழையும் குறைந்தது, வடகிழக்கும் கைவிட்டது. பெல்லாரி, கர்னூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதி காய்ந்தது. மைசூரிலும் பம்பாய் தக்காணத்திலும் ஹைதராபாத்திலும் அதே கதி. பாதிக்கப்பட்ட பரப்பில் வாழ்ந்தவர்கள் ஐந்து கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல்.

தானியம் அறவே இல்லாத பஞ்சம் இல்லை இது. ரயிலும் கப்பலும் மதராசுக்குத் தானியத்தைக் கொண்டுவந்தபடி இருந்தன. கடற்கரையில் மூட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. விலைதான் கூலிக்காரருக்கும் நெசவாளருக்கும் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. 1877-78-இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கோதுமை மூன்று லட்சம் டன்னைத் தாண்டியது.

மதராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் 1876 இறுதியில் அரசு சார்பில் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். பீகாரில் நடந்ததன் சிறு அளவுதான் அது. ஆனால் இப்போது வைஸ்ராய் நார்த்புரூக் இல்லை, லிட்டன். வணிகத்தில் கை வைக்கக்கூடாது என்று கல்கத்தா கண்டித்தது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியா ராணியைப் பேரரசியாக அறிவிக்கும் மகா தர்பார் நடந்தது. அது முடிந்த கையோடு, பஞ்சப் பகுதிகளுக்கான இந்திய அரசின் பிரதிநிதியாக டெம்பிள் தெற்கே புறப்பட்டார். உயிரைக் காக்க வேண்டும், ஆனால் ஆகக் குறைந்த செலவில் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. லிட்டன் அவரைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது என்றே நினைக்கிறேன். ஊதாரி என்று பெயர் வாங்கியவரைவிடக் கண்டிப்பாகச் சிக்கனம் பிடிக்கக்கூடியவர் யார்?

மதராசில் அப்போது நிவாரண வேலைகளில் பத்து லட்சம் பேரளவில் இருந்தார்கள். பட்டியல் வீங்கியிருக்கிறது, தேவையில்லாதவர்கள் புகுந்துவிட்டார்கள் என்பது டெம்பிளின் முடிவு. மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி வந்த சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் வேலைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மீதமிருந்தவர்களுக்குக் கூலி குறைந்தது. ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு. இதற்காக வெயிலில் நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். இதை ஒரு பரிசோதனை என்றுதான் அவர் எழுதினார். இந்த அளவு உயிரைத் தாங்குமா என்று பார்க்கலாம், தாங்காவிட்டால் கூட்டலாம் என்று.

ஒரு ராத்தல் அரிசியில் இருப்பது 1,600 கலோரி அளவு. கடும் உடலுழைப்புக்கு அதைப்போல இருமடங்கு வேண்டும். அந்த ஓர் அணாவில் பருப்பும் உப்பும் விறகும் வாங்கலாமே என்றால், பஞ்ச விலையில் அணாவுக்கு மதிப்பே இல்லை. வீட்டில் வேலைக்கு வர முடியாத கிழவியோ கைக்குழந்தையோ இருந்தால் அதிலும் பங்கு போகும்.

கார்னிஷின் எதிர்ப்பு

இந்தக் கதையில் என் மதிப்புக்குரியவர் டாக்டர் வில்லியம் கார்னிஷ். மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர். தென்னிந்திய மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பஞ்சத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே கணக்கெடுத்து ஆராய்ந்தவர். டெம்பிளின் உத்தரவு வந்ததுமே அவர் எதிர்த்து எழுதினார். உழைக்கிற ஆளுக்குக் குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், அதற்குமேல் பருப்பும் காயும் வேண்டும் என்றார். சிறையில் அடைபட்ட குற்றவாளிக்குக் கொடுக்கும் உணவைவிட, குற்றம் ஏதும் செய்யாத இந்த ஏழைக்குக் கொடுப்பது குறைவாக இருக்கிறது என்று காட்டினார்.

இருவருக்கும் இடையே எழுத்தில் நடந்த வாக்குவாதம் வெறும் அளவைப் பற்றியது இல்லை. டெம்பிள் கேட்ட ஆதாரம் சாவு. ஆட்கள் செத்து விழுகிறார்களா, இல்லையே, அப்படியானால் கூலி போதும் என்பது அவர் நிலை. கார்னிஷ் சொன்னதோ, பட்டினி அப்படிக் கொல்வதில்லை என்பது. வாரக்கணக்கில் குறைவாகத் தின்கிற உடல் தன்னையே தின்னும். தசை கரையும், கால் வீங்கும், வயிறு போகும். அந்த நிலைக்கு வந்தவருக்குப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. சாவு கண்ணில் படும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இந்த உண்மை டெம்பிளுக்குத் தெரியாதது இல்லை. பீகாரில் அவர் நடந்துகொண்டதே இதன் அடிப்படையில்தான்.

பம்பாய் தக்காணத்திலும் கூலி குறைந்தது. அங்கே மக்கள் வேறு விதமாகப் பதில் சொன்னார்கள். ஒரு லட்சம் பேரளவில் நிவாரண வேலையை விட்டுவிட்டு வெளியேறினார்கள். பட்டினி கிடப்பவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அது. புனே சார்வஜனிக் சபா என்ற பொதுமக்கள் அமைப்பு அவர்களுக்காக மனு எழுதியது. கணேஷ் வாசுதேவ் ஜோஷி முன்நின்றார். இந்திய அரசியல் வரலாற்றில் இதற்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

கார்னிஷின் விடாப்பிடியால் மதராஸ் அரசு 1877 மார்ச்சில் கூலியை ஓரளவு உயர்த்தியது. ஒன்றேகால் ராத்தல் தானியம், கூடக் கொஞ்சம் பருப்பு. கார்னிஷ் கேட்டதற்கும் டெம்பிள் கொடுத்ததற்கும் நடுவே ஓர் இடம். மே மாதம் பிறக்கும்போது டெம்பிள் பம்பாயின் கவர்னராகிவிட்டார்.

அவர் போன பிறகுதான் மிகக் கொடிய மாதங்கள் வந்தன. 1877-இன் தென்மேற்குப் பருவமழையும் செப்டம்பர் வரை ஏய்த்தது. சாவு உச்சத்துக்குப் போனது. ஆகஸ்டில் லிட்டனே மதராசுக்கு வர வேண்டியதாயிற்று. மழை வந்த பிறகு, இளைத்துப்போன உடல்களை மலேரியாக் காய்ச்சல் 1878 வரைக்கும் வாரிக்கொண்டு போனது. சேலம் மாவட்டத்தில் 1871-இல் 19 லட்சத்து 67 ஆயிரம் அளவில் இருந்த மக்கள்தொகை 1881-இல் 16 லட்சமாகச் சுருங்கியிருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு. மிச்சம் பேர் எங்கும் போகவில்லை. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்த நிவாரணக் கூலிகள் வெட்டியது.

எவ்வளவு அவர் பொறுப்பு?

டெம்பிளுக்காகச் சொல்லக்கூடியவை உண்டு. பீகாரில் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் இரண்டு கோடி, தெற்கே அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அங்கே ஒரு பருவம், இங்கே தொடர்ந்து இரண்டு ஆண்டு. கொள்கை வகுத்தவர் லிட்டன், அவருக்குப் பின்னால் லண்டன். டெம்பிள் தெற்கே இருந்தது நான்கு மாதம்கூட முழுதாக இல்லை. இறந்தவர்களில் இத்தனை பேர் அந்த ஒரு ராத்தலால் இறந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்காலும் முடியாது.

இவை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. 1877-இன் தொடக்க மாதங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டிய மாதங்கள். மக்கள் உடலில் இன்னும் வலு இருந்த காலம். அந்தக் காலத்தில் லட்சக்கணக்கானோரை வேலையிலிருந்து அனுப்பியதும், மிஞ்சியவர்களை அரைப்பசியில் வைத்ததும், கோடையில் வந்த சாவுக்குப் பாதை போட்டது. வேறொருவர் இதைச் செய்திருந்தால் அறியாமை என்று ஒதுக்கலாம். டெம்பிள் விஷயத்தில் அந்த இடமில்லை. பீகாரில் உயிரைக் காத்தார், கண்டிக்கப்பட்டார். மதராசில் செலவைக் காத்தார், பம்பாய் கவர்னரானார். ஓர் ஆட்சி தன் அதிகாரிகளிடம் எதற்குப் பரிசு தருகிறதோ அதையே அவர்கள் செய்வார்கள். டெம்பிள் விஷயத்தில் அது இரண்டு மாகாணத்து மக்கள்மேல் எழுதப்பட்டது. ஆனாலும் எதிர்த்து எழுத முடியும் என்பதற்கு அதே ஆட்சியில், அதே மாதங்களில், அவரைவிடக் கீழ்ப் பதவியில் கார்னிஷ் இருந்தார். ஆகவே பழியை முழுக்க அமைப்பின்மேல் இறக்கி வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

பிறகு

பம்பாயில் அவர் 1880 வரை ஆண்டார். 1878-இல் மால்டாவுக்கு இந்தியப் படைகளை அனுப்பி வைத்தார். ஆப்கன் போருக்காக சிந்துவில் ரூக்கிலிருந்து சிபி வரை பாலைவனத்தின் குறுக்கே 133 மைல் ரயில் பாதையை 101 நாளில் போட்டு முடித்ததில் அவருடைய விரட்டல் பெரும்பங்கு. தர்பங்காவுக்கு அரிசி கொண்டுபோகப் பாதை போட்ட அதே வேகம், அதே மனிதர். இதற்கிடையில் எதிர்காலப் பஞ்சங்களுக்கு என்று சொல்லி ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் பவுன் வரியாக வசூலிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பணம் ஆப்கன் போருக்குத் திரும்பியது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

பதவிக்காலம் முடியுமுன்பே இங்கிலாந்து போய் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1885-இல் ஈவ்ஷாம் தொகுதியில் வென்றார். 1895 வரை உறுப்பினராக இருந்தார். 1884-இல் கனடாவுக்குப் போய் வந்ததன் நினைவாக ராக்கி மலைத்தொடரில் ஒரு சிகரம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய மகன் ரிச்சர்ட் கார்னாக் டெம்பிள் இந்திய நாட்டார் கதைகளைத் தொகுத்தவராக அறியப்பட்டார், அந்தமானின் தலைமை ஆணையராகவும் இருந்தார். தந்தை 1902 மார்ச் 15 அன்று லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் இறந்தார்.

இவ்வளவு சாவுக்குப் பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையில் பஞ்ச ஆணையம் ஒன்று அமைந்து, 1880-இல் அறிக்கை கொடுத்தது. அதன் அடிப்படையில் 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. முன்னறிகுறிகளைக் கவனிப்பது, வேலையை எப்போது தொடங்குவது, யாருக்கு இலவச உணவு என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அரசே தானியம் வாங்கிச் சேமிக்க வேண்டும் என்று உறுப்பினர்களான ஜேம்ஸ் கேர்டும் சல்லிவனும் ஆணையத்துக்குள்ளேயே மாற்றுக் குறிப்பு எழுதினார்கள். பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. உழைக்கும் ஆளின் அன்றாட உணவு என்று ஆணையம் எடுத்துக்கொண்ட அளவு, பருப்பையும் சேர்த்து, ஒன்றரை ராத்தல்.